குற்றம் ஓட்டுபவரிலா, காரிலா?

காரின் சக்கரத்தில் காற்றுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். பட்டரி செயலிழந்தால் புதியதொன்றை வாங்கிப் பூட்டலாம். ஆனால், கியர் பெட்டி பழுதடைந்தால் சாதாரண உரிமையாளரினால் செய்யக்கூடியது எதுவுமில்லை. திருத்துபவர் சொல்வதை நம்பவேண்டும், கேட்கின்ற தொகையைக் கொடுக்கவேண்டும். சில வருடங்கள் ஓடிய காராக இருந்தால் அந்தத் தொகை காரின் பெறுமதியையே நெருங்கிவிடுவதும் உண்டு. அத்தகையதொரு நிலையில் நிற்பவரிடம், பழுது காரில் இல்லை, நீங்கள் ஓட்டுகின்ற விதத்தில்தான் இருக்கிறது என்று கூறப்பட்டால் அவரது மனம் என்ன பாடுபடும்?

இது வெறும் கற்பனையல்ல. அவுஸ்திரேலியாவில் போர்ட் நிறுவனத்தின் கார்களை வாங்கியவர்களுக்கு நேர்ந்த அனுபவம் இது. பியெஸ்டா, போகஸ், ஈகோஸ்போர்ட் ஆகிய கார்களில் 'பவர்ஷிப்ட்' என்ற ஆறு கியர்களைக் கொண்ட தானியங்கி கியர் பெட்டியை அந்த நிறுவனம் பொருத்தியிருந்தது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்றும் இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்றுமாக இரு கிளச்சுகள் அதில் உண்டு. அவை எண்ணெயில் நனையாத உலர் கிளச்சுகள். எடை குறையும், எரிபொருள் மிச்சப்படும் என்பதே நோக்கம். நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால், எண்ணெய் படக்கூடாத அந்தக் கிளச்சில் தடுப்பு வளையங்களினூடாகக் கசிந்த எண்ணெய் படிந்தது. கியரை இயக்குகின்ற மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியும் கோளாறு செய்தது. விளைவாகக் கார்கள் நடுங்கின, குலுங்கின. நெரிசல் மிக்க சந்தியில் வேகமெடுக்க வேண்டிய தருணத்தில் கார் தயங்கி நிற்பது வெறும் அசௌகரியம் அல்ல, உயிராபத்து.

அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு இந்த விவகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. 2018 ஏப்ரலில் சமஷ்டி நீதிமன்றம் போர்ட் நிறுவனத்தின் அவுஸ்திரேலியக் கிளைக்கு ஒரு கோடி டொலர் (10 மில்லியன்) தண்டம் விதித்தது. 2015 மே மாதத்துக்கும் 2016 பெப்ரவரிக்கும் இடையில் 560 வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளை அந்த நிறுவனம் கையாண்ட முறை மனச்சாட்சிக்கு ஒவ்வாதது என்று நீதிமன்றம் பிரகடனம் செய்தது. கோளாறு இருப்பதை அறிந்திருந்தும், நடுக்கத்துக்குக் காரணம் வாடிக்கையாளர் ஓட்டுகின்ற பாணியே என்று அடிக்கடி கூறப்பட்டிருக்கிறது. மாற்றுக் கார் கேட்டவர்கள் மேலதிகமாகச் சராசரி 7,000 டொலர் வரை செலுத்த வேண்டியிருந்தது. அவர்கள் திருப்பிக் கொடுத்த கார்களோ, முன்னைய கோளாறுகள் பற்றி எதுவும் கூறப்படாமல் வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டன. ஒருவரின் தலைவலி இன்னொருவரின் தலையில் கட்டப்பட்டது என்றே சொல்லவேண்டும்.

அமெரிக்காவிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. அங்கு உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கின் இணக்கத் தீர்வு 2020 ஆம் ஆண்டிலேயே இறுதி அங்கீகாரத்தைப் பெற்றது. அதற்கு முன்னர், 2019 ஜூலையில் 'டெட்ரொயிட் பிரீ பிரெஸ்' பத்திரிகை நிறுவனத்தின் உள்ளக ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு விரிவான புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. கார்கள் சந்தைக்கு வருவதற்கு முன்னரே குறைபாடுகள் தெரிந்திருந்தன என்று அது கூறியது. அடுத்த மாதமே குறிப்பிட்ட சில கார்களுக்கான உத்தரவாதக் காலத்தை நிறுவனம் நீடித்தது. போர்ட் நிறுவனத்தின் தாயகமான மிச்சிகனில் இருந்து வெளிவருகின்ற பத்திரிகையே அதைச் செய்தது என்பதை, வாழ்நாளின் பெரும்பகுதியை ஆசிரிய பீடங்களில் கழித்தவன் என்ற முறையில், இங்கு குறிப்பிடாமல் இருக்கமுடியவில்லை.

ஆனால், நீதி வந்த வேகத்தைப் பாருங்கள். அவுஸ்திரேலியாவில் உரிமையாளர்களின் கூட்டு வழக்கில் 2021 இல் வழங்கப்பட்ட தீர்ப்பு மேன்முறையீடுகளைக் கடந்து அந்நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. இழப்பை எவ்வாறு கணக்கிடுவது என்ற கேள்விக்கு 2024 நவம்பரிலேயே அங்கு பதில் கிடைத்தது. புதிதாக வாங்கிய கார் பழங்காராகி, பலரது கைகளில் இருந்து போயும்விட்ட பிறகு!

இயந்திரங்கள் பழுதடைவது இயல்பு. புதிய தொழில்நுட்பத்தை முயன்று பார்ப்பவர்கள் தவறிழைப்பதும் மன்னிக்கக்கூடியதே. மன்னிக்கமுடியாதது, தவறைத் தெரிந்துகொண்டே அதன் சுமையை வாங்கியவரின் மீது இறக்கி வைப்பதாகும். பியெஸ்டாவும் போகஸும் செல்வந்தர்களின் வாகனங்கள் அல்ல. முதல் வேலைக்குப் போகின்ற இளைஞர்களும் மாதத் தவணையில் கடன் கட்டுகின்ற குடும்பங்களும் வாங்குகின்ற சிறிய கார்கள். பணத்துடன் சேர்த்து அவர்களது தன்னம்பிக்கையும் பறிபோனது. தனக்கு வாகனம் ஓட்டத் தெரியவில்லையோ என்று ஒருவரைச் சந்தேகப்பட வைப்பதைவிட மலிவான தற்காப்பு ஒரு நிறுவனத்துக்கு வேறு இல்லை.

இதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் எளிமையானது. முறைப்பாட்டை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுத்தில் கொடுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குமான பற்றுச்சீட்டைத் திகதியுடன் பாதுகாத்து வையுங்கள். இரண்டாங்கைக் கார் வாங்குவதாக இருந்தால் அதன் திருத்த வரலாற்றைக் கேட்டுப் பெறுங்கள். தனியொருவர் முறையிட்டபோது குற்றம் அவரது கைகளிலும் கால்களிலும் இருப்பதாகச் சொல்ல முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் தங்கள் பற்றுச்சீட்டுகளுடன் ஒன்றாக வந்து நின்றபோது அவ்வாறு சொல்வதற்கு எவராலும் முடியவில்லை.