ஞாயிறு காலை குழந்தை யாரிடம்?

ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வேதவாக்கு உண்டு: "நேரமில்லை என்பதெல்லாம் சாக்கு. மனமிருந்தால் நேரம் தானாகக் கிடைக்கும்." சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களிடம் இதை இன்னும் அழுத்திச் சொல்வார்கள். சான்றுக்கு ஒரு புகைப்படமும் தயாராக இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளையின் அப்பா அரை மாரத்தானை முடித்துவிட்டு, கழுத்தில் பதக்கம், தோளில் பிள்ளை என்று சிரித்துக்கொண்டு நிற்பார். "இவராலேயே முடிகிறதே, நமக்கென்ன கேடு?" என்று கீழே பாராட்டு குவியும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வரும்: இந்தப் படத்தை எடுத்தது யார்?

நேரம் தானாகக் கிடைப்பதில்லை. சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் ஒருவர் ஓடப்போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இன்னொருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். இந்த எளிய உண்மையை மறைத்துவிட்டு மன உறுதியைப் பற்றிப் பாடம் எடுப்பது, அந்த இன்னொருவரின் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் வேலை.

அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். ஓரளவு ஓடிப் பழகியவருக்கே மூன்று மாதப் பயிற்சியாவது வேண்டும். வார நாட்களில் மூன்று ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை லாங் ரன். பத்து கிலோமீட்டரில் தொடங்கும் லாங் ரன், போட்டி நெருங்கும்போது 18ஐத் தொடும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற சாதாரண வேகத்தில் அது 2 மணி 6 நிமிடம். சென்னைப் புழுக்கத்தில் வெயில் ஏறிய பிறகு அவ்வளவு தூரம் ஓட முடியாது. ஆகவே நாலரைக்கே பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ நிற்க வேண்டும். அதற்கு மூன்றே முக்காலுக்கு எழ வேண்டும். அப்படி எழ, முதல் நாள் இரவு ஒன்பதுக்குள் படுக்க வேண்டும். ஓடி முடித்து, கால்களை நீட்டி மடக்கி, கூட்டாளிகளோடு இட்லியும் காபியும் முடித்து வீடு சேர எட்டரை ஆகிவிடும். (இட்லியை நான் குறை சொல்லவில்லை, ஓட்டத்தில் பாதி சுகம் அதில்தான்.) மத்தியானம் ஒரு தூக்கம் போட்டே ஆக வேண்டும். பயிற்சி அட்டவணையில் '18 கி.மீ.' என்று ஒற்றை வரியாக இருக்கிற ஒன்று, வீட்டில் சனி இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரை ஓர் ஆள் குறைவு.

அந்த நேரமெல்லாம் பிள்ளை சும்மா இருக்குமா? சனி இரவு தூங்க மாட்டேன் என்று அழும். இரண்டு மணிக்கு எழுந்து பால் கேட்கும். ஐந்தரைக்கு விழித்துக்கொண்டு விளையாட ஆள் தேடும். அப்போது பக்கத்தில் இருப்பவர் மனைவி, இல்லாவிட்டால் பாட்டி, வசதியுள்ள வீட்டில் சம்பளத்துக்கு வந்த ஒரு பெண். அவர்கள் தூக்கம் கெட்டதால்தான் இவருக்கு ஓட்டம் வாய்த்தது.

"போனில் ரீல்ஸ் பார்க்கும் நேரத்தை மிச்சம் பிடித்தால் போதுமே" என்பார்கள். குழந்தை மடியில் தூங்கும் பத்து நிமிடம், குக்கர் விசில் வருவதற்குள் ஐந்து நிமிடம் என்று உதிரியாகக் கிடைக்கும் நேரம் அது. அதை எத்தனை கூட்டினாலும் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடிய தொடர்ச்சியான இரண்டு மணி நேரம் ஆகாது. தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடலாம் என்று யோசனை சொல்பவர்கள் நம் ஊர் நடைபாதையில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

யாருக்கு அந்த இரண்டு மணி நேரம் வாய்க்கிறது என்பதை மத்திய அரசே எண்ணிச் சொல்லியிருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள்; ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் அது 289, 88 என்றானது. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தபோது, ஆண் தன் பங்கிலும் ஒன்பது நிமிடத்தைக் கழித்துக்கொண்டுவிட்டான்! இவ்வளவு ஏற்றத்தாழ்வு உள்ள வீட்டுக்குள் நின்றுகொண்டு "எல்லோருக்கும் 24 மணி நேரம்தான்" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அடுத்து வெளிநாட்டு உதாரணங்கள் வரும். மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் மகளைப் பெற்று, நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றாரே? வென்றார். ஓட்டம்தான் அப்போது அவருடைய தொழில். அலுவலகத்திலிருந்து ஏழு மணிக்கு வந்து மாவு அரைக்கிறவரோடு அவரை ஒப்பிடுவது அநியாயம். பிரிட்டனின் ஜாஸ்மின் பாரிஸ் தொழில்முறை ஓட்டக்காரர் அல்ல, கால்நடை மருத்துவர். 2019 ஜனவரியில், கடும் குளிரில், 268 மைல் நீளும் ஸ்பைன் ரேஸ் என்ற மலைப்பாதை ஓட்டத்தை 83 மணி நேரத்தில் ஓடி, ஆண்களையும் முந்தி முதலிடம் பெற்றார். மகளுக்கு அப்போது 14 மாதம்; வழியிலிருந்த நிறுத்தங்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்தபடியே ஓடினார். இந்தச் சாதனையைப் படிக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கிறது. ஆனால் இது எதை நிரூபிக்கிறது? அந்த 83 மணி நேரமும் குழந்தையை வேறு யாரோ குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், தூங்கவைத்தார்கள். மன உறுதி மலையில் ஓடியது. குழந்தையை வளர்த்தவை வேறு கைகள்.

மனமிருந்தால் போதும் என்ற இந்த உபதேசம் உடம்பையும் கெடுக்கும். பிரசவத்துக்குப் பின் ஓட்டத்துக்குத் திரும்புவது பற்றி பிசியோதெரபிஸ்டுகள் 2019இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதம் ஓடவே வேண்டாம், அதன் பிறகும் இடுப்புத்தளத் தசைகளைப் பரிசோதித்துப் பார்த்துத் தொடங்குங்கள் என்கிறது அது. இருமினால், குதித்தால் சிறுநீர் கசியும் நிலையில் இருக்கிற ஒரு தாயிடம் "சாக்குச் சொல்லாதே" என்பது குற்றம். அவள் அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுத்தான் நேரமில்லை என்கிறாள்.

அவளே உடம்பைத் தேற்றிக்கொண்டு ஓட வந்துவிட்டால், அதுவரை மன உறுதி பேசிய ஊர் சட்டென்று குரலை மாற்றும். "குழந்தையை யார்கிட்ட விட்டுட்டு வந்தம்மா?" இந்தக் கேள்வியை ஒழிக்க வேண்டும் என்று பெண் ஓட்டக்காரர்கள் சிலர் எழுதுகிறார்கள். நான் உடன்பட மாட்டேன். அது நல்ல கேள்வி, ஒரு சாராரிடம் மட்டும் கேட்கப்படுகிறது என்பதுதான் அதிலுள்ள ஓரவஞ்சனை. பதக்கத்தோடு வரும் ஒவ்வொரு அப்பாவிடமும் அதைக் கேளுங்கள். "வீட்ல பாத்துக்கறாங்க" என்ற பதிலை ஏற்காதீர்கள். யார் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு ஓய்வு எப்போது என்றும் கேளுங்கள்.

சின்னப் பிள்ளையுள்ளவர்கள் ஓடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓடட்டும், அந்த வயதுப் பிள்ளையோடு நாளெல்லாம் இருப்பவருக்குத்தான் தனியாகக் கழியும் இரண்டு மணி நேரத்தின் அருமை தெரியும். ஓட்ட அமைப்பாளர்களும் கொஞ்சம் இறங்கி வரலாம். லண்டனிலும் பாஸ்டனிலும் பதிவு செய்தபின் கர்ப்பமானவர் தன் இடத்தை இன்னோர் ஆண்டுக்குத் தள்ளிவைத்துக்கொள்ள முடிகிறது. கட்டணம் திரும்பாது என்ற ஒரே வரியோடு முடித்துக்கொள்ளும் நம் ஊர்ப் போட்டிகளும் அதைச் செய்யலாம்.

அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் அப்பாக்களே, உங்கள் அட்டவணையில் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறை இப்போதே அடித்துவிடுங்கள். அது உங்கள் மனைவியுடையது. அவர் ஓடப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், ஒன்பது மணி வரை தூங்கலாம். அது அவர் விருப்பம். இதனால் உங்கள் நேரம் இரண்டு மணி பத்து நிமிடத்திலிருந்து இரண்டரை மணியாகக் கூடினாலும் பதக்கம் அதேதான் தருவார்கள்.