கண்ணாடி விளக்கும் கைவளையும்

உடைந்தால் ஒட்டாத பொருள் என்று கண்ணாடியைச் சொல்வோம். ஆனால், கோட்டை கட்டியவனின் பெயர் மறைந்து, மதில்கள் மண்மேடாகிய பின்னரும், அந்தக் கோட்டைக்குள் வாழ்ந்த ஒரு பெண்மணியின் கைவளைத் துண்டு நிறம் மாறாமல் மண்ணுக்குள் கிடக்கிறது. இரும்பு துருவேறிப் போகிறது, மரம் மக்கிப் போகிறது, கண்ணாடியோ காத்திருக்கிறது.

புதுக்கோட்டையை அடுத்துள்ள பொற்பனைக்கோட்டையில் இதனைக் கண்கூடாகக் காண முடிந்தது. சங்க காலத்தைச் சேர்ந்த அந்தக் கோட்டைப் பகுதியில் 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023ஆம் ஆண்டு முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு நடத்தின. பொன்னணியும், எலும்பாலான கூர்முனைக் கருவியும், சூதுபவள மணியும் வெளிவந்த அதே மண்ணில் கண்ணாடி மணிகளும் வளையல் துண்டுகளும் கிடைத்தன.

இதே மாவட்டத்தின் கறுக்காக்குறிச்சிப் பகுதியில் 1898ஆம் ஆண்டில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரு புதையலாக அகப்பட்டன. மிளகையும் முத்தையும் நாடிக் கடல் கடந்து வந்த வணிகத்தின் சுவடுகள் அவை. அந்நாளைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பொன்று, முசிறித் துறைக்கு வந்திறங்கிய சரக்குகளில் உருவாக்கப்படாத கண்ணாடிக் கட்டிகளையும் சேர்த்துச் சொல்கிறது. நம் மண்ணின் கைவினைஞர்களும் சளைத்தவர்களல்லர்; அரிக்கமேட்டில் செய்யப்பட்ட சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளின் இனம் தென்கிழக்கு ஆசியா வரை பரவியது.

இவற்றையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எங்கே காட்டுவது? தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் 1910ஆம் ஆண்டு நிறுவப்பட்ட புதுக்கோட்டை அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. நாணயங்கள், செப்பேடுகள், ஓவியங்கள், கனிமங்கள், பாடம் செய்யப்பட்ட உயிரினங்கள் எனப் பலவும் அங்கே ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. ஆயினும், "சிலைகள் நிறைந்த இடமாயிற்றே, நமக்கு அங்கே என்ன வேலை?" என்று தயங்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமுதாயங்களின் நிலையைப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை பலமுறை வலியுறுத்துகின்றது. அவ்வாறு பார்ப்பது வணங்குவதாகாது, அறிந்துகொள்வதாகும்.

கண்ணாடியைப் பற்றியே திருமறை பேசுவதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? அந்நூர் அத்தியாயத்தில் இறைவன் தன் ஒளிக்கு உவமை கூறும்போது, மாடத்தையும், அதிலுள்ள விளக்கையும், விளக்கைச் சூழ்ந்து விண்மீனென மின்னும் கண்ணாடியையும் குறிப்பிடுகின்றான். அந்நம்ல் அத்தியாயத்திலோ, பளிங்கு போன்ற கண்ணாடித் தளத்தை நீர்ப்பரப்பென எண்ணிய ஸபா நாட்டு அரசி, உண்மை விளங்கியதும் நபி சுலைமான் (அலை) அவர்களுடன் இறைவனுக்கு அடிபணிந்த வரலாறு வருகின்றது. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, உண்மை வேறொன்று என்பதை ஒரு கண்ணாடித் தளம் அவருக்கு உணர்த்திற்று.

எகிப்திலும் சிரியாவிலும் மம்லூக் சுல்தான்களின் காலத்தில் வாழ்ந்த கைவினைஞர்கள் அந்நூர் வசனத்தைப் பள்ளிவாசல் விளக்குகளின் கழுத்தில் வண்ண எனாமலாலும் பொன்னாலும் தீட்டினர். உள்ளே நெய்த்திரி எரியும்போது எழுத்துக்கள் வழியே ஒளி கசியும். வசனத்தின் பொருளை விளக்கே எடுத்துரைப்பது போல் இருக்கும். கெய்ரோவில் 1356ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய சுல்தான் ஹஸன் மதரஸாவுக்காகச் செய்யப்பட்ட இத்தகைய விளக்குகள், அந்நகரின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2014 ஜனவரியில் அருகிலிருந்த காவல் தலைமையகத்தின் முன் வெடித்த குண்டு அந்த அருங்காட்சியகத்தையும் சிதைத்தது. கண்ணாடி விளக்குகளும் நொறுங்கின. சில்லுகளைப் பொறுக்கி, பொருத்தி, சீர்செய்து, 2017 ஜனவரியில் மீண்டும் கதவைத் திறந்தார்கள்.

முஸ்லிம் நாடுகளின் கண்ணாடிக் கலைக்கென்றே தனியாக ஒரு கண்காட்சியும் நடந்திருக்கின்றது. "சுல்தான்களின் கண்ணாடி" என்னும் பொருள்படும் பெயரில் 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் தொடங்கிய அது, அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திற்கு வந்தது. இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த நகரம் அது. முஸ்லிம் என்றாலே ஐயத்துடன் நோக்கப்பட்ட அந்நாட்களில், அழகையும் ஒளியையும் படைத்த முஸ்லிம் கரங்களின் வேலைப்பாடு அங்கே சொல்லின்றிப் பேசியது.

அருங்காட்சியகத்தில் நாணயங்களைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். உமையாக்கள் காலம் தொட்டு எகிப்தில் பொன், வெள்ளிக் காசுகளைச் சரிபார்க்கும் எடைக்கற்கள் கண்ணாடியால் செய்யப்பட்டன. உலோக எடையை யாருமறியாமல் அராவிக் குறைக்கலாம். கண்ணாடியைச் சுரண்டினால் காயம் தெரிந்துவிடும், உடைத்தால் ஊரறியும். அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என எச்சரிக்கும் மார்க்கத்தின் ஆட்சியாளர்கள், கடைத்தெரு நாணயத்திற்குக் கண்ணாடியைக் காவல் வைத்தார்கள்.

சகோதரிகள் மறக்கக்கூடாத செய்தி ஒன்றும் உண்டு. பயணமொன்றில் பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் பாட்டிசைத்து விரைவாக ஓட்டினார். கண்ணாடிக் கலங்களைக் கொண்டு செல்வது போல் மெதுவாகச் செல்லுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பணித்தார்கள். பெண் வலுவற்றவள் என்பதல்ல இதன் பொருள். விலைமதிப்புள்ளதைச் சுமப்பவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே பொருள். கடிந்துரைக்கும் கணவரும், மருமகளை வாட்டும் மாமியாரும் இந்த நபிமொழியைத் தம் வீட்டுச் சுவரில் அல்ல, நெஞ்சில் எழுதி வைக்கட்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கோட்டைப்பட்டினம் முதல் அறந்தாங்கி, புதுக்கோட்டை வரை, பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம், பள்ளிவாசல்களை விரிவுபடுத்துகிறோம். அவை தேவையான பணிகளே. ஆனால், இடிக்கும் நாளில் எவையெல்லாம் வெளியே போகின்றன? பாட்டனார் கப்பலில் கொண்டுவந்த பூக்கண்ணாடி விளக்கு, கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டிய கஅபா, மதீனா படங்கள், பொன்னெழுத்தில் எழுதிய கலிமா, நன்னிமார் போட்டிருந்த வளையல்கள் - இவை பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போகின்றன. அல்லது குப்பையில் உடைகின்றன. நம் மூதாதையர் எங்கெங்கு சென்றனர், எதை நேசித்தனர் என்பதற்கான சாட்சியை நாமே கலைத்துவிட்டு, பிறகு நமக்கு வரலாறு இல்லையே என்று வருந்துவது முறையா?

துருக்கிக் கடலோரத்தில் 11ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலொன்றில், உருக்கி மீண்டும் பயன்படுத்துவதற்காக ஏற்றப்பட்ட ஏறத்தாழ 3 டன் கண்ணாடிச் சில்லுகள் கிடைத்தன. ஃபாத்திமிய ஆட்சியின் கீழிருந்த சிரியக் கரையிலிருந்து வந்த சரக்கு அது. ஆய்வாளர்கள் அவற்றை ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பொருத்திக் குடுவைகளாகவும் கிண்ணங்களாகவும் மீட்டெடுத்தார்கள். அவை இன்று போத்ரும் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கழிவென்று கப்பலேற்றியதைப் பொக்கிஷமாக்கினர் அவர்கள். முழுப் பொருளையே கழிவாக்குகிறோம் நாம்.

செய்ய வேண்டியது கடினமன்று. வீட்டை இடிக்குமுன் பழம்பொருட்களை ஒரு தாளில் எழுதுங்கள். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்புறம் தீட்டிய கண்ணாடிப் படங்களின் வண்ணப் பக்கத்தில் ஈரத்துணி படவிடாதீர்கள். வண்ணம் உரிந்து வந்துவிடும். பள்ளிவாசலின் பழைய விளக்குகளை ஜமாஅத்தார் ஓர் அலமாரியிலேனும் பாதுகாத்து, அவை எந்த ஆண்டு யாரால் வழங்கப்பட்டவை என எழுதி வைக்கட்டும்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளையும், குறிப்பாகப் பெண்மக்களையும், புதுக்கோட்டை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வேறு நாள் பாருங்கள். ஒவ்வொரு பேழையின் முன்னும் அவர்களை மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: இதை யார் செய்தார்? யார் பயன்படுத்தினார்? எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தது? வீடு திரும்பியதும் அதே கேள்விகளை நம் வீட்டு அலமாரியின் முன் நின்று அவர்கள் கேட்பார்கள். அப்போது விடை சொல்ல நம்மிடம் ஒரு விளக்காவது, ஒரு வளையலாவது மிஞ்சியிருக்க வேண்டும்.