கோட்டுக்கும் வரப்பு உண்டு

வண்டி கனத்தா மைலேஜ் குறையும்னு எந்த டிரைவரும் சொல்லிடுவார். எவ்வளவு குறையும்? அதைச் சொல்லத்தான் 'லீனியர் ரிக்ரெஷன்'.

1974-ல் அமெரிக்காவின் 'மோட்டார் டிரெண்ட்' இதழில் வந்த 32 கார்களின் விவரம், புள்ளியியல் வகுப்புகளில் இன்னைக்கும் பாடம். ஒவ்வொரு காரின் எடைக்கும் மைலேஜுக்கும் ஒரு புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிக்கும் முடிந்தவரை நெருக்கமாக ஒரு கோடு இழுக்கிறார்கள். சராசரியாக 454 கிலோ கூடினால், லிட்டருக்கு சுமார் 2.3 கிலோமீட்டர் குறைகிறது.

நல்ல கணக்குதான். ஆனா அதே கோட்டை நீட்டிப் பாருங்க. 3,200 கிலோவில் மைலேஜ் பூஜ்யத்துக்கும் கீழே போயிடும்! நெல்லு மூட்டை ஏத்தின டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தா அதைவிடக் கனம், ஓடாமலா இருக்கு? அந்த 32-ல் ரொம்பக் கனமான காரே சுமார் 2,460 கிலோதான். அதுக்கு மேல அந்தக் கோட்டுக்குப் பட்டா இல்லை.

ஒரு மூட்டை யூரியாவுக்கு இவ்வளவு விளைஞ்சா, மூணு மூட்டைக்கு மூணு பங்குன்னு சொல்றவங்களும் இப்படித்தான் கோட்டை நீட்டுறாங்க. வயல்ல பயிர் சாயும், புகையான் வரும். நஷ்டம் விவசாயிக்கு.

கணக்கோட வர்றவங்ககிட்ட முதல்ல இதைக் கேளுங்க: எதுவரைக்கும் அளந்தீங்க?