டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல தூக்கத்தைக் கவனிங்க!

ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் டி-ஷர்ட் கை டைட் ஆகவில்லையா? அடுத்து சந்தேகம் ஹார்மோன் மேலதான் விழும். "ப்ரோ, உனக்கு டெஸ்டோ கம்மியா இருக்கும்" என்று யாராவது சொல்வார். போனைத் திறந்தால் 'இயற்கை டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்' விளம்பரம் காத்திருக்கும்.

அந்த டப்பாவின் லேபிளைக் கொஞ்சம் படிங்க. பலவற்றில் 'ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ்' என்று இருக்கும். ஏதோ ஃபாரின் சரக்கு என்று நினைக்க வேண்டாம். காட்டுப் பாதையில் செருப்பில்லாமல் நடந்தால் காலைக் குத்துமே, அதே நெருஞ்சி முள்தான்! சித்த மருத்துவத்தில் இதை நீர்க்கடுப்புக்குக் கொடுப்பார்கள். தசை வளர்க்கும் சரக்காக இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, பல்கேரியப் பளுதூக்கும் வீரர்கள் சாப்பிட்டார்கள் என்ற கதை. ஆனால், அதே பல்கேரியாவில் 21 இளைஞர்களிடம் நான்கு வாரம் சோதித்து 2005-ல் வெளியான ஆய்வில் ஹார்மோன் ஏறவே இல்லை. 2007-ல் வெளியான இன்னொரு ஆய்வில் ஆஸ்திரேலிய ரக்பி லீக் வீரர்கள் 22 பேரை ஐந்து வாரம் கவனித்தார்கள். நெருஞ்சி சாப்பிட்டவருக்கும் டம்மி மாத்திரை சாப்பிட்டவருக்கும் பலத்திலோ தசையிலோ வித்தியாசமில்லை.

அஸ்வகந்தா, அதாவது நம்ம அமுக்கரா, கொஞ்சம் பரவாயில்லை. சில சிறிய ஆய்வுகளில் லேசான ஏற்றம் தெரிகிறது. கூடவே, அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது.

உண்மையில் ஹார்மோனை இறக்குவது தூக்கமின்மை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டுமே தூங்க விட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வு வெளியானது 2011-ல். ஒரே வாரத்துக்கு இந்த நிலைமை என்றால், வருஷக்கணக்கில் நள்ளிரவு கிளையன்ட் கால் எடுப்பவர் கதி? ஒரு மணிக்குப் படுத்துவிட்டு ஐந்து மணிக்கு ஜிம் அலாரம் வைப்பதைவிட, ஒர்க்-அவுட்டை மாலைக்குத் தள்ளிவிடலாம் என்பேன். தொப்பையும் ஒரு வில்லன். கொழுப்பில் இருக்கும் அரோமடேஸ் என்சைம் டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும்.

இன்னொன்று, நார்மல் வரம்புக்குள் ஹார்மோன் லேசாக ஏறி இறங்குவதால் தசையில் பெரிய மாற்றம் வராது. பெண்களுக்கு இது ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. ஆனாலும் ஒழுங்காக வெயிட் தூக்கினால், சதவீதக் கணக்கில் அவர்களுடைய தசையும் கிட்டத்தட்ட ஆண்களைப் போலவே வளர்கிறது. புரோட்டீன் கணக்கைப் பாருங்கள்: வெயிட் தூக்குபவருக்கு ஒரு கிலோ எடைக்கு சுமார் 1.6 கிராம். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். நாலு இட்லி, சட்னியோடு நாளைத் தொடங்கிவிட்டு ஹார்மோனைத் திட்டுவது நியாயமா?

பூஸ்டரில் போவது பெரும்பாலும் காசு. 'சின்ன கோர்ஸ்தான் ப்ரோ' என்று நீட்டப்படும் ஊசி அப்படியில்லை. டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்தால், விரைகளுக்கு அனுப்பும் சிக்னலை மூளை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி சரியும், விரை சுருங்கும். ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். அப்பா ஆக நினைக்கும் வயதில் இந்த ரிஸ்க் எதற்கு?

தாம்பத்திய ஆர்வக் குறைவு, தீராத சோர்வு என்று அறிகுறி இருந்தால் டெஸ்ட் எடுக்கலாம். காலையில்தான் எடுக்க வேண்டும், இரண்டு வெவ்வேறு நாட்களில். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால் ரிப்போர்ட்டோடு எண்டோகிரைனாலஜிஸ்ட்டைப் பாருங்க, ஜிம் கோச்சை அல்ல.