தகடு சொல்லும் நிறம்

ஒரு பழைய அமெரிக்கக் காரை விற்க வருபவர், "கம்பெனியிலிருந்து வரும்போதே இதே நிறம்தான்" என்று அடித்துச் சொல்வார். உண்மையா, பொய்யா? பதில் அந்தக் காரிலேயே, ஒரு சின்னத் தகட்டில் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். படித்ததை அப்படியே நம்பிவிடவும் கூடாது.

1960களின் கார்களில் சேசிஸ் நம்பரைப் பார்த்து நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அது வேறொரு தகட்டில் இருக்கும். ஃபோர்டு மஸ்டாங்கில் ஓட்டுநர் பக்கக் கதவில் பார்க்க வேண்டும். செவர்லே கமாரோவில் பானட்டைத் திறந்தால், என்ஜினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரில் தெரியும். 1970 வாக்கில் வந்த டாட்ஜ், பிளிமத் கார்களில் பானட்டுக்குள் இடப்பக்க மட்கார்டின் உட்புறத்தில் திருகியிருப்பார்கள்.

இனி குறியீடு. ஃபோர்டில் பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்துதான். 1965 மஸ்டாங்கில் 'டி' என்றால் டைனஸ்டி கிரீன் என்ற பச்சை. 1967இல் அதே 'டி' அகாபுல்கோ புளூ என்ற நீலம்! ஆண்டைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படித்தால் பச்சைக் காருக்கு நீலம் அடிக்க வேண்டியதுதான்.

1969 கமாரோவில் '72 72' என்று இருந்தால் ஹக்கர் ஆரஞ்சு. ஏன் இரண்டு முறை? முதலாவது கீழ் உடலுக்கு, இரண்டாவது கூரைக்கு. இரண்டாவது இடத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து இருந்தால், அந்தக் கார் வினைல் கூரையோடோ மடக்குக் கூரையோடோ வந்தது என்று பொருள்.

1970ஆம் ஆண்டின் 'எஃப்சி7' இன்னும் வேடிக்கை. டாட்ஜில் அதன் பெயர் பிளம் கிரேஸி, பிளிமத்தில் இன் வயலட். இரண்டுமே கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்கள். பெயிண்ட் ஒன்று, பெயர் இரண்டு.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? பணம்தான் காரணம். அரிய நிறத்தில் பிறந்த கார் என்றால் விலை ஏறும். அதனால் சிலர் புதுத் தகடு அடித்து மாட்டிவிடுகிறார்கள். ஆகவே தகடு ஒரு சாட்சி மட்டுமே, தீர்ப்பு அல்ல. டேஷ்போர்டுக்கு அடியிலும், டிக்கி விரிப்புக்குக் கீழும், கதவு ரப்பருக்குப் பின்னும் பழைய பெயிண்ட் ஒளிந்திருக்கும். அதையும் விசாரிக்க வேண்டும். ஃபோர்டில் 1967 முதலான கார்களுக்குத் தயாரிப்புப் பதிவுகள் கிடைக்கின்றன. அமெரிக்காவில் விற்ற கமாரோக்களுக்கு அப்படிப்பட்ட பதிவுகள் இல்லை. அங்கே ஒரு பொய்த் தகடு, காரின் வரலாற்றையே அழித்துவிடும்.

குறியீட்டில் உள்ள நிறத்தைத்தான் அடிக்க வேண்டும், வேறு நிறம் அடித்தால் பாவம் என்று வாதிடும் ரசிகர்களும் உண்டு. அது கொஞ்சம் அதிகம். அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பயன்படுத்தியது அக்ரிலிக் லாக்கர். இன்றைய பட்டறைகள் பெரும்பாலும் நிறத்தின் மேல் தனியாக ஒரு கிளியர் கோட் அடிக்கின்றன. அதே குறியீட்டைக் கொடுத்தாலும் அதே பளபளப்பு திரும்ப வராது. சொந்தக்காரர் தனக்குப் பிடித்த நிறத்தை அடித்துக்கொள்ளட்டுமே!

தகட்டை மட்டும் தொடக்கூடாது. பிடிக்காத பெயிண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம். கழற்றி எறிந்த தகடு சொன்ன உண்மை திரும்பி வராது. அடுத்து வாங்குபவர் நம்பி ஏமாறப் போவது அதைத்தான். காருக்கு எந்த நிறமும் பூசலாம், தகட்டில் பொய் பூசக்கூடாது.