பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை வந்தால்..?

‘‘எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவில் 100 பேர். உறுப்பினர் பட்டியலை எக்செல்லில் ஏற்றினால் 103 வரிசை வருகிறது. இரட்டைப் பதிவை எப்படிக் கண்டுபிடிப்பது?’’

- திராட்சை விவசாயி, காமயகவுண்டன்பட்டி, தேனி மாவட்டம்.

கூடுதலாக 3 வரிசைதானே என்று தோன்றியதை அழித்துவிடக் கூடாது. தமிழக அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்ததுதான் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. பண்ணைக் கருவிகள் வாங்க, ஒரு குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி என்று திட்டம் வகுக்கப்பட்டது. தவறான வரிசையை அழித்தால், உண்மையான உறுப்பினர் ஒருவர் பட்டியலை விட்டே போய்விடுவார்.

முதலில், எந்தப் பத்தியைச் சோதிப்பது என்று முடிவு செய்யுங்கள். பெயரை நம்ப முடியாது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். ‘பெ.முருகன்’, ‘முருகன் பெ’ இரண்டும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒரே செல்போன் எண்ணை அண்ணன், தம்பி இருவருமே கொடுத்திருக்கலாம். கூட்டுப் பட்டாவில் ஒரே சர்வே எண் பலருக்கு இருக்கும். ஆளுக்கு ஒன்றாக உள்ள 12 இலக்க ஆதார் எண் அல்லது விவசாயிகளுக்கான 11 இலக்க தனித்துவ அடையாள எண்தான் சரியான பத்தி.

அதில் நடுவே இடைவெளி விட்டு அடித்திருந்தால், எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றுங்கள். பிறகு அந்தப் பத்தியைத் தேர்வு செய்து, ‘ஹோம்’ பகுதியில் ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’, அதில் ‘ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்’, அதில் ‘டூப்ளிகேட் வேல்யூஸ்’ என்று அழுத்துங்கள். ஒன்றுக்கு மேல் உள்ள எண்கள் இளஞ்சிவப்பாகும். இது சிரமமாக இருந்தால், முழு அட்டவணையையும் அந்தப் பத்தியின்படி வரிசைப்படுத்தினாலே போதும். ஒரே எண்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

வங்கிக் கணக்கு எண்ணில் கூடுதல் கவனம் தேவை. 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணை அப்படியே அடித்தால், அதற்குப் பிந்தைய இலக்கங்களை எக்செல் பூஜ்யமாக்கிவிடும். முதலில் வரும் பூஜ்யமும் காணாமல் போகும். இரண்டு பேரின் கணக்கு ஒன்றுபோலத் தெரிய இதுவே காரணமாகலாம். அடிப்பதற்கு முன்பே பத்தியை ‘டெக்ஸ்ட்’ என மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே அடித்தவற்றைப் பாஸ்புக்கைப் பார்த்துத் திருத்துங்கள்.

‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ என்ற பொத்தானை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். ஒரு பத்தியில் மட்டும் அதைச் செய்தால், கீழே உள்ளவை மேலே ஏறி, ஒருவர் பெயருக்கு நேராக இன்னொருவர் எண் வந்துவிடும். ஃபைலை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நிறம் மாறிய வரிசைகளுக்கு உரியவர்களைக் கேட்டு உறுதி செய்த பிறகு, வரிசை முழுவதையும் நீக்குங்கள்.

ஆதார் எண்கள் உள்ள ஃபைலை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. திருத்திய பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும் அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். விடுபட்டவர் இருந்தால் அங்கேயே கை தூக்கிவிடுவார்.