விமானம் விழுந்தது ஏன்?

படை விமானம் ஒன்று விழுந்து நொறுங்கினால், "குற்றவாளி யார்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

"விழுந்தது ஏன்?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? அவர்தான் விமானப் பாதுகாப்பு அதிகாரி.

1954-ம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் 776 விமானங்களைப் பறிகொடுத்தன. கொரியப் போர் முந்திய ஆண்டே நின்றுவிட்டது. இத்தனையும் விபத்தில் அழிந்தவை!

பிறகு சீர்திருத்தங்கள் வந்தன. கப்பலில் விமானம் இறங்கும் தளம் கோணமாக அமைக்கப்பட்டது. 1961-ல் விமானிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி விதிமுறைகள் வந்தன. விபத்துகள் வெகுவாகக் குறைந்தன.

இன்று பென்சகோலா நகரில் அந்தக் கடற்படை ஒரு பள்ளி நடத்துகிறது. பாதுகாப்பு அதிகாரிகள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். விபத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கக் கற்கிறார்கள்.

அவர்களுக்கு முக்கியமான விதி ஒன்று உண்டு. தண்டனைக்கான விசாரணை வேறு. பாதுகாப்பு விசாரணை வேறு. ரகசியம் காப்பதாக உறுதி தந்து வாங்கிய வாக்குமூலத்தை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது.

"தப்பு செய்தவனை விடலாமா?" என்று சிலர் கேட்கலாம்.

விட வேண்டாம். அதற்குத்தான் வேறு விசாரணை இருக்கிறதே!

ஆனால், திருகாணியை முடுக்க மறந்த மெக்கானிக் பயந்து வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும்? அதே தவறு நாளை இன்னொரு விமானத்தில் நடக்கும். இன்னொரு தாய் தன் மகனை இழப்பாள்.

ஆகவே, அதிகாரிக்கு இயந்திர அறிவு மட்டும் போதாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் உறுதியும் வேண்டும். மேலதிகாரிகளும் அதற்குத் துணை நிற்க வேண்டும்.

இறந்தவரைத் தண்டனை எழுப்பாது. நாளை பறக்கப் போகிறவரை உண்மை காப்பாற்றும்.